பதினோரு அங்குலம்

மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் எரிவாயு அடுப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் இருபத்தொரு ஆண்டுகள் எழுதாமல் இருந்தேன். எழுதாமல் மட்டுமல்ல, வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

2022-ஆம் ஆண்டு தாயாரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போயிருந்தேன். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய டியர்பார்ன் என்னும் ஊரில் என் தம்பி குடியிருக்கிறான். கணினிப் பொறியாளன், மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் குழந்தையை உம்மா அதுவரை புகைப்படத்தில்தான் பார்த்திருந்தார்கள். டியர்பார்னில் அரபு மக்கள் மிகுதி. கடைப் பலகைகளெல்லாம் அரபியில் இருக்கக் கண்டு, இறைச்சிக் கடையில் என்னுடைய கிதாபு அரபியைப் பேசிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

ஹஜ்ஜுப் பெருநாள் அவ்வாண்டு ஜூலை மாதம் வந்தது. பெருநாள் கழிந்த மறுவாரம், எங்களை வெளியூர் அழைத்துச் செல்லத் தம்பி ஏற்பாடு செய்தான். போகிற இடத்தில் ஹலால் உணவு கிடைக்காது. கையில் குர்பானி இறைச்சி இருந்தது. "நாமே சமைத்துக்கொள்ளலாம் காக்கா. வீட்டையே கூட இழுத்துக்கொண்டு போகிறோம்" என்றான். எனக்குப் புரியவில்லை. வெளியே வந்து பார்த்தபோதுதான், அவன் நண்பர் ஒருவருடைய ஆர்.வி. வாசலில் நின்றது.

நம் பக்கம் அதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்.வி. என்பது சக்கரங்களின் மேல் கட்டிய வீடு. தானே ஓடும் பெரிய வண்டியாகவும் இருக்கும். வேறொரு வண்டியின் பின்னால் பூட்டி இழுப்பதாகவும் இருக்கும். இது இழுத்துச் செல்லும் வகை. உள்ளே கட்டில், சமையல் மேடை, குளிக்கும் அறை எல்லாம் உண்டு. ஓர் அடி இடத்தைக்கூட வீணாக்காமல் கட்டியிருந்தார்கள். முன்பக்கம், வண்டியில் பூட்டும் இரும்புச் சட்டத்தின் மேல், இருபது பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஒன்பது கிலோ புரோபேன் வாயு பிடிக்கும் சிலிண்டர்கள் இரண்டு நின்றன. நம் வீடுகளில் எரிவது பெரும்பாலும் பியூட்டேனும் புரோபேனும் கலந்த வாயு. அவர்களுடைய குளிர்நாட்டிலோ உறைபனியில் பியூட்டேன் ஆவியாக எழும்பாமல் முடங்கிவிடும். புரோபேன் சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரை ஆவியாகும். ஆகவே அங்கே புரோபேன். அந்தச் சிலிண்டர்களிலிருந்து ஒரே ஒரு ரெகுலேட்டர் வழியாக வாயு இறங்கி, தரைக்கு அடியில் ஓடும் குழாய்களால் அடுப்புக்கும் அறையைச் சூடாக்கும் கருவிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் போகிறது. குளிர்சாதனப் பெட்டிக்கும் போகிறது! தீ எரிந்து குளிர் உண்டாகிறது என்று தம்பி விளக்கினான். கேட்டு வியந்தேனே தவிர, இன்றுவரை அது எனக்கு முழுதாக விளங்கவில்லை.

ஓடும்போது சிலிண்டர் வால்வுகளை மூடி, இறைச்சியை ஐஸ் பெட்டியில் வைத்து, ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் போனோம். மிச்சிகன் ஏரிக்கரையில் லுடிங்டன் என்னும் இடத்தில் அரசுப் பூங்கா ஒன்று இருக்கிறது. மணல்மேடுகள், அவற்றுக்கு அப்பால் தண்ணீர். மறுகரை கண்ணுக்குத் தெரியாது. அலை அடிக்கிறது, நுரை ஒதுங்குகிறது. ஆனால் உப்பு வாசம் இல்லை. கடலோரத்தில் பிறந்த உம்மா அதைத்தான் முதலில் சொன்னார்கள்: "கடல் மாதிரி இருக்கிறது, ஆனால் மணக்கவில்லையே."

கோடைகாலத்தில் அங்கே இரவு ஒன்பதரை மணியை ஒட்டித்தான் மஃக்ரிப். ஏழரை மணிக்கும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இறைச்சி ஊறித் தயாராக இருந்தது. தம்பி ஒரு கிரில் அடுப்பை வெளியே எடுத்து மரப்பலகையின் மேல் வைத்தான். மூடியோடு கூடிய சிறு பெட்டி. உள்ளே தீ எரியும் குழல், அதற்கு மேல் இறைச்சியைப் பரப்பும் கம்பித் தட்டு. அதற்குரிய வாயு, ஒரு பவுண்டு பிடிக்கும் குட்டிச் சிலிண்டரில் தனியாக விற்கிறது. தீர்ந்ததும் எறிந்துவிட வேண்டும். "அது வீண்செலவு. இவ்வளவு வாயுவை முன்னால் வைத்துக்கொண்டு அதை எதற்கு வாங்குவது?" என்பது தம்பியின் கணக்கு. வண்டியின் பக்கவாட்டில், இதற்கென்றே ஒரு சிறு வாயு முனையும் அடைப்பானும் இருந்தன. ரப்பர் குழாயின் நுனியை அதில் அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

பூட்டினான். திறந்தான். பற்றவைத்தான். தீ வந்தது, ஆனால் அதைத் தீ என்று சொல்வதற்கில்லை. நீல மணிகளைக் கோத்தது போல, குழலின் துளைகளில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கம்பித் தட்டைக் கையால் தொடலாம் போலிருந்தது. பிள்ளைகள் பசியில் முனக ஆரம்பித்தார்கள்.

தம்பி கைப்பேசியை எடுத்து எதையெதையோ படித்தான். பிறகு ஒரு திருகியை எடுத்துக் கிரில் அடுப்பிலிருந்த அதன் சொந்த ரெகுலேட்டரைக் கழற்றினான். "இதுதான் தடுக்கிறது காக்கா" என்றான். அடுத்து, பக்கவாட்டு முனையில் மாட்டியிருந்த குழாயைப் பிடுங்கினான். "இதில் வாயுவே சரியாக வரவில்லை. முன்னால் சிலிண்டரில் நேரடி முனை ஒன்று இருக்கிறது, அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று நண்பருடைய கருவிப் பெட்டியைக் கிளறினான். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில் அந்த நண்பர் ஒரு பித்தளைக் கிளைமுனை பொருத்தியிருந்தார். பெட்டியில் கிடந்த நீளமான குழாய் ஒன்று அந்த முனைக்கும் பொருந்தியது, அடுப்புக்கும் பொருந்திவிட்டது. பொருந்தாமல் போயிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

உம்மா, கடைசிப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புக்கும் அவர்களுக்கும் இடையே இரண்டு எட்டு தூரம் இருந்தால் அதிகம்.

தம்பி சிலிண்டரின் வால்வில் கை வைத்தான்.

"தொடாதே!" என்று நான் கத்தினேன். மதரஸாவில் பிள்ளைகள் அறியாத குரல் அது. எனக்கே அது அந்நியமாக இருந்தது. ஓடிப்போய் அவன் கையைத் தட்டிவிட்டேன். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. தம்பியின் மூத்த மகன், "பெரியவாப்பா ஏன் வாப்பாவை அடிக்கிறார்கள்?" என்று கேட்டான். நாற்பதை நெருங்கும் ஒருவனை, அவன் மனைவி மக்கள் முன்னால், அவன் நாட்டில் வைத்து அப்படிச் செய்தது தவறுதான். தம்பியின் முகம் கறுத்துவிட்டது. "காக்கா, உங்களுக்கு இது என்ன தெரியும்? நீங்கள் படித்தது வரலாறு" என்றான்.

உண்மைதான். வரலாற்றில் இளங்கலை. அந்தப் பட்டத்தோடு வீட்டில் இருந்த 2001-ஆம் ஆண்டில்தான் எங்கள் தங்கையின் நிக்காஹ் நடந்தது.

நிக்காஹுக்கு முந்திய இரவு. கொல்லைப்புறத்தில் பண்டாரி நெய்ச்சோற்றுக்கு அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருந்த சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்த மறு சிலிண்டர் வந்து சேரவில்லை. வெளியூர் விருந்தாளிகளுக்குத் தேநீர் போட வேண்டும் என்று லாத்தா அடுக்களையில் தவித்தார்கள். 'இது ஒரு பெரிய காரியமா?' என்று நான் கொல்லைக்குப் போனேன். பண்டாரி தொழுகைக்குப் போயிருந்தார். அவருடைய பெரிய அடுப்பிலிருந்து குழாயை உருவி, அதைப் பின்வாசல் வழியாக உள்ளே இழுத்து, வீட்டு அடுப்பின் முனையில் செருகினேன். சிலிண்டர் எதுவானால் என்ன, வாயு வாயுதானே! பெரிய சட்டிகளைத் தூக்கி நிறுத்தும் அந்த அடுப்புக்குரிய ரெகுலேட்டர், வீட்டு அடுப்புக்கு வருவதைப் போல் பல மடங்கு வேகத்தில் வாயுவைத் தள்ளும் என்பது எனக்குத் தெரியாது. வெளியே போய் வால்வைத் திறந்தேன். உள்ளே லாத்தா தீக்குச்சியைக் கிழித்தார்கள்.

தீ மேல் அலமாரி வரை எழும்பியது. குழாய் முனையிலிருந்து பிய்த்துக்கொண்டு தரையில் பாம்பாகத் துள்ளியது. நான் வால்வை மூடி உள்ளே ஓடி வருவதற்குள் லாத்தாவின் வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது. எல்லோரும் அவர்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். பதினைந்து வயதுத் தம்பி வாளியில் தண்ணீர் சுமந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாயைச் சுருட்டி எடுத்துப் போய்ப் பண்டாரியின் அடுப்பில் பழையபடி மாட்டினேன்.

"குமிழைத் திறந்துவைத்துவிட்டுத் தாமதமாகக் குச்சியைக் கிழித்திருப்பாள். எப்போதும் அவசரம்தான் அவளுக்கு" என்று யாரோ சொன்னார்கள். அதுவே நிலைத்துவிட்டது. மர்ஹூம் வாப்பா அதை நம்பியே மவ்த்தானார்கள். உம்மாவோ, பிற்காலத்தில் மருமகள்மார் அடுப்படியில் நின்றபோதெல்லாம், "என் மூத்த மகளைப் போல் அவசரப்படாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். லாத்தா இன்றும் இடக்கையில் மட்டும்தான் வளையல் போடுகிறார்கள்.

இதையெல்லாம் அந்த ஏரிக்கரையில், கையில் கழற்றிய ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு நின்ற தம்பியிடம் சொன்னேன். கதை சொல்வது போல் வரிசையாகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக உளறினேன். உம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்தே போனேன். முடித்துத் திரும்பியபோது அவர்கள் குழந்தையை மருமகளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. "இத்தனை வருஷம் நான் அவளைச் சொல்லிக் காட்டினேனே" என்று மட்டும் சொன்னார்கள்.

தம்பி மெதுவாக அந்த நீளக் குழாயைக் கழற்றித் தரையில் போட்டான்.

லாத்தாவின் கை ஆறிய பிறகு, ஊரில் எரிவாயு நிறுவனத்தில் பழுது பார்க்கும் ஒருவரைத் தேடிப்போய் என்ன நடந்தது என்று கேட்டிருந்தேன்; யாருக்கு நடந்தது என்று சொல்லாமல். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். வீட்டு ரெகுலேட்டரிலிருந்து வரும் வாயு, தண்ணீரை முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் தூக்கும். வாயால் ஊதினாலே அவ்வளவு தூக்கிவிடலாம். வீட்டு அடுப்பின் துளைகள் அந்த மெல்லிய மூச்சுக்கென்றே அளவெடுத்தவை. எனக்குத் தெரிந்த எரிவாயு சாஸ்திரம் அவ்வளவுதான்.

அதைச் சொன்னதும் தம்பி குனிந்து, கிரில் அடுப்பின் அடியில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் படித்தான். அதில் '11 அங்குல நீர்மட்டம்' என்று இருந்தது. "அங்குலமா? வாயுவுக்கு என்ன அங்குலம்?" என்றேன். "நீங்கள் சொன்ன அதே கணக்குத்தான் காக்கா. பதினோரு அங்குலம் என்றால் இருபத்தெட்டு சென்டிமீட்டர்" என்றான். எங்கள் ஊர் அடுக்களையும் அமெரிக்க ஆர்.வி.யும் ஒரே மூச்சில்தான் எரிகின்றன என்பதை அன்று அறிந்தேன்.

அதன் பிறகு எல்லாம் அவனுக்கே விளங்கிவிட்டது, எனக்கும் விளக்கினான். முன்னால் இருக்கும் வண்டியின் ரெகுலேட்டர், வாயுவைப் பதினோரு அங்குலத்துக்குக் குறைத்துத்தான் உள்ளே அனுப்புகிறது. பக்கவாட்டு முனையில் வருவதும் அதுவே. கிரில் அடுப்பின் சொந்த ரெகுலேட்டரோ, குட்டிச் சிலிண்டரின் முழு வேகத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. ஏற்கெனவே தணிந்த வாயு அதன் சிறு வாசலில் நுழையத் திணறுகிறது. அதனால்தான் நீல மணிகள். ரெகுலேட்டரைக் கழற்றியது சரி. பக்கவாட்டு முனையை விட்டுவிட்டுச் சிலிண்டருக்குப் போனதுதான் பிழை. அந்தக் கிளைமுனை, ரெகுலேட்டரைத் தன்னிடம் வைத்திருக்கும் அடுப்புகளுக்கானது. கோடை வெயிலில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கும் மேல். பதினோரு அங்குல நீர்மட்டம் என்பது அரைப் பவுண்டுகூட இல்லை. இரண்டு யோசனைகளும் தனித்தனியே சரியானவை. இரண்டையும் பாதி பாதியாகச் சேர்த்ததால், இடையில் தடுக்க ஒன்றுமில்லாமல், ஏறத்தாழ முந்நூறு மடங்கு வேகத்தில் வாயு பாய்ந்திருக்கும். அதன் முன்னால் உம்மாவும் குழந்தையும்.

எல்லாக் கிரில் அடுப்புகளுக்கும் இது பொருந்தாது. தகட்டில் இதைவிட உயர்ந்த அழுத்தம் எழுதியிருந்தால் அதற்குப் பக்கவாட்டு முனை உதவாது. அதன் ரெகுலேட்டரைக் கழற்றவும் கூடாது. அதற்கு உரிய சிலிண்டரில்தான் எரிக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்கள் அநேகர் இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன். நம் ஊரிலும் கல்யாண வீடுகளில் பெரிய சிலிண்டரையும் வீட்டு அடுப்பையும் ஒன்றாக்கும் கெட்டிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன வருடம்கூட ஒரு வீட்டில் அதைக் கண்டு தடுத்தேன். காரணம் கேட்டார்கள்; இந்த முறை சொன்னேன்.

அடுப்பை வண்டியின் சுவரிலிருந்தும் மேல்துணியிலிருந்தும் நன்றாகத் தள்ளி வைத்தோம். உம்மாவின் நாற்காலியை நானே தூக்கி மரத்தடிக்கு மாற்றினேன். தம்பி குறைந்த அழுத்தத்துக்குரிய பழைய குழாயையே மறுபடி மாட்டி, பக்கவாட்டு முனையில் பூட்டினான். பாத்திரம் தேய்க்கும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, அடைப்பானைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் தடவினோம். ஒன்றில் குமிழி வந்தது. அதை இறுக்கி மறுபடி தடவினோம். புரோபேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பறந்து போகாமல் தரையோடு பரவித் தங்கும். அந்த வண்டிக்குள் வாயு காட்டும் கருவியைக் கணுக்கால் உயரத்தில் பொருத்தியிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைத்தான். மூடியிருந்தால் வாயு உள்ளே கூடி நின்று வெடிக்கும்.

தீ, விரல் உயரத்துக்கு நீலமாக நிமிர்ந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே தம்பியின் கைப்பேசியை வாங்கி லாத்தாவை அழைத்தேன். அங்கே எட்டரை, ஊரில் மறுநாள் காலை ஆறு மணி. இப்போது அழைக்காவிட்டால் பிறகு எனக்குத் துணிவு வராது என்று தெரியும். சலாம் சொன்னேன். சொல்ல வந்ததைச் சொன்னேன். எதிர்முனையில் சேவல் கூவுவது கேட்டது. லாத்தா ஒன்றும் பேசவில்லை. "லாத்தா, இருக்கிறீர்களா?" என்று இரண்டு முறை கேட்டேன்.

"இருக்கிறேன். உம்மாவுக்குத் தெரியுமா?"

"இப்போதுதான் தெரியும்."

"உம்மாவிடம் கொடு" என்றார்கள்.

கொடுத்தேன். உம்மா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு படியேறி வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுடைய தட்டுகள் காலியான பிறகும் கதவு திறக்கவில்லை. அவர்களுக்கென்று எடுத்து வைத்த இறைச்சியைத் தம்பி மனைவி இன்னொரு தட்டால் மூடி வைத்தாள்.

சூரியன் ஏரிக்குள் இறங்கியது. "காக்கா, அணைத்துவிடலாமா?" என்றான் தம்பி. முதலில் வண்டியின் பக்கவாட்டு அடைப்பானை மூடச் சொன்னேன். குழாயில் தங்கிய வாயு எரிந்து தீர்ந்து, தீ தானாகவே சுருங்கி அவிந்தது. பிறகு அடுப்பின் குமிழ்களை மூடினோம். கடைசியாக நானே நடந்து போய், முன்னால் நின்ற சிலிண்டர்களின் வால்வுகளையும் திருகிவிட்டு வந்தேன். இரவு உள்ளே வெந்நீர் வேண்டும் என்று தம்பி முணுமுணுத்தான். இருக்கட்டும் என்றேன்.